காமன் பொட்டலின் அளவுகோல்: மலையகத் தோட்டங்களில் கூத்துக்குத் தரம் வகுத்த வரலாறு

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் காமன் கூத்தை வளர்த்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர், வடிகாலான கான் வெட்டியவர், மண்ணை முள்ளுக் குத்தியவர், ஸ்டோர் என்ற தொழிற்சாலையில் கொழுந்து அரைத்தவர் ஆகியோரே இரவில் சலங்கை கட்டி ஆடினார்கள். ஊரெல்லாம் அறிந்த ஒரு புராணக் கதையை, அதன் மேலுள்ள பற்றினால், கைக்காசையும் தூக்கத்தையும் கொடுத்து ஆண்டுதோறும் புதிதாக ஆக்கிக் காட்டினார்கள். சம்பளமோ நுழைவுச்சீட்டோ இல்லாத ஆட்டம் என்பதால் யாரும் எப்படியும் ஆடிவிட்டுப் போகலாம் என்று அது நெகிழ்ந்து போகவில்லை. யார் வேடம் கட்டலாம், எவ்வளவு தேறிய பிறகு சபைக்கு வரலாம், கதையில் எதை விடக் கூடாது, எதைச் சேர்க்கலாம் என்பவற்றுக்கு நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதித் தோட்டங்களில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தை வகுத்ததும் காத்ததும், குறைபாடுள்ள இடத்தில் திருத்தியதும் தோட்டத்து மக்களே.

கடல் கடந்து வந்த வழிபாடு

காமனை வணங்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் தேவந்தி கண்ணகிக்குக் காமவேள் கோட்டத்து வழிபாட்டை எடுத்துச் சொல்கிறாள். பிற்காலத்தில் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் மாசி மாதத்துக் காமன் பண்டிகை ஊர் விழாவாக வேரூன்றியது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு படிப்படியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்து வரப்பட்டவர்களில் இந்த வட்டாரங்களைச் சேர்ந்தோர் ஏராளம். இவர்களோடு மதுரை, சேலம், இராமநாதபுரம், ஆர்க்காடு மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் வந்தார்கள். கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை பொன்னர் சங்கர் கூத்தாகவும், பாரதக் கதை அருச்சுனன் தபசாகவும் அவர்களோடு மலையேறின. மலையகக் கூத்து என்றதும் இந்த மூன்றும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. பெரும்பாலான தோட்டங்களில் நிலைத்து ஆண்டுதோறும் ஆடப்பட்டது காமன் கூத்து.

கங்காணிமார் ஆள் திரட்டிய முறையில் ஒரே ஊராரும் உறவினரும் ஒரே தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அதனால் ஊர்க் கூத்தின் பாட்டும் அடவும் சிதறாமல் வந்தன. அதே சமயம் லயம் என்ற தொடர்வீட்டு வரிசை ஒன்றில் பல மாவட்டத்தார் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறைகளில் வாழ்ந்தனர். ஒருவர் தம் ஊரில் பாடிய மெட்டு, அடுத்த காம்பராக்காரருக்கு வேறு விதமாக இருந்தது. எந்த மெட்டில் பாடுவது, எந்தக் காட்சியை முன்னே வைப்பது என்று பேசித் தீர்க்கும் தேவை அப்போதே எழுந்தது. மலையகக் காமன் கூத்தின் ஒழுங்கு இந்தப் பேச்சில்தான் உருவாகத் தொடங்கியது.

மாசி மாதத்து ஆட்டம்

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் நடப்படும். ஆமணக்குக் கொப்பும் கரும்பும் சேர்த்து வைக்கோற்புரியால் கட்டிய கம்பம் காமன் பொட்டல் என்ற திறந்த வெளியில் ஊன்றப்படும். அன்று தொடங்கிப் பௌர்ணமி வரை இரவுதோறும் ஆட்டம் நடக்கும். ரதிக்கும் காமன் என்ற மன்மதனுக்கும் கலியாணம் நடக்கும். இருவரும் லயம் லயமாக ஆடி வருவார்கள். வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்து விளக்கேற்றி அவர்களை வரவேற்பது வழக்கம். பௌர்ணமி இரவில் கதை உச்சம் பெறும். தக்கனின் யாகம், வீரபத்திரனின் சீற்றம், சிவனின் தவம், தேவர்கள் அனுப்பும் ஓலைத் தூதன், கெட்ட கனவு கண்ட ரதியின் மன்றாட்டு, மன்மதனின் மலர்க்கணை, நெற்றிக்கண், தகனம், ரதியின் ஒப்பாரி என்று விடியும் வரை ஆட்டம் நீளும். மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கோடு விழா முடியும்.

இந்தக் காலம் தோட்டத்து வேலைக்கும் பொருந்தி வந்தது. ஹட்டன், திம்புள்ளைப் பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து, காற்று வறண்டு, கொழுந்து மெதுவாகத் துளிர்க்கும். தேயிலையின் சுவை ஓங்கி நிற்கும் பருவம் அது. கொழுந்தின் அளவோ குறைந்திருக்கும். சித்திரையில் கொழுந்து பெருகி வேலை நெருக்குவதற்கு முன் கிடைத்த இந்த இடைவெளியில்தான் இரவு முழுக்க ஆடவும் ஒத்திகை பார்க்கவும் உடம்பில் தெம்பு மிஞ்சியது. காட்டக்கூடிய அளவுக்குத் தேறிய ஆட்டம் உருவாக ஓய்வு வேண்டும். தோட்டத்தில் அந்த ஓய்வு மாசியில்தான் கிடைத்தது.

மாஸ்டரும் கொப்பியும்

கூத்தின் தரத்துக்கு முதற்பொறுப்பாளி மாஸ்டர். வாத்தியார் என்றும் அவரை அழைப்பார்கள். பகலில் அவரும் மற்றவர்களைப் போலப் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்து வேலைக்குப் போகும் தொழிலாளிதான். கதை முழுவதும் மனப்பாடம், எல்லா வேடத்தையும் ஆடிக் காட்டும் திறன், எந்த அடிக்கு எந்த அடவு என்ற அறிவு ஆகிய மூன்றும் இருந்தவரையே மாஸ்டர் என்று தோட்டம் ஒப்பியது. பாட்டுகளை எழுதி வைத்த கொப்பி அவரிடம் இருக்கும். தந்தையிடமிருந்து மகனுக்கும் குருவிடமிருந்து சீடனுக்கும் கைமாறிய இந்தக் கொப்பிகளே மலையகக் கூத்தின் மூலப் பிரதிகள். பல கொப்பிகளின் எழுத்துப்பிழைகள் அவற்றைப் படியெடுத்தவர் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதைச் சொல்லும். ஆனால் பாட்டின் சந்தத்தில் பிழை காண்பது அரிது. ஏனெனில் எழுதும்போதே பாடிப் பார்த்துத்தான் எழுதினார்கள்.

வேடத்துக்கு ஆள் எடுப்பதில் மாஸ்டர் பார்த்தவை தெளிவானவை. ரதிக்குக் குரல் முதன்மை. ஒப்பாரி விடியற்காலையில் வருவதால், இரவு முழுக்கப் பாடிய பிறகும் உடையாத குரல் வேண்டும். மன்மதனுக்கு உடல் வளைவும் காலோட்டமும் வேண்டும். வீரபத்திரனுக்கு மூச்சு வேண்டும். ஓலைத் தூதனுக்குத் தெளிவான வசனம் வேண்டும். கோமாளிக்குச் சபையின் மனநிலையை அறிந்து பேசும் நிதானம் தேவைப்பட்டது. புதிதாக வந்த இளைஞனுக்கு முதல் ஆண்டிலேயே பெரிய வேடம் கொடுப்பதில்லை. பின்பாட்டுக்காரனாக நின்றோ சிறு வேடம் கட்டியோ பழகிய பிறகே முன்னுக்கு வந்தான்.

ஒத்திகையில் தவறு செய்தவனை மாஸ்டர் நிறுத்தி, அதே இடத்தைத் திரும்ப ஆடச் சொல்வார். தேறாத காட்சி பொட்டலுக்குப் போகாது. தேறாதவனை அடித்து விரட்டுவதும் இல்லை. அவனுக்குப் பொருந்தும் வேறு வேலை தரப்படும். பந்தம் பிடிப்பது, உடை சரிசெய்வது, தப்பு என்ற தோற்கருவியைக் காய்ச்சுவது எல்லாம் கூத்தின் பகுதியாகவே மதிக்கப்பட்டன. தரம் குறைந்த ஆட்டத்தைச் சபைக்குக் கொண்டுவராமல் காத்தபடியே, தரம் குறைந்த ஆளைக் கூட்டத்திலிருந்து இழக்காமலும் பார்த்துக்கொண்டது இந்த முறை. மாஸ்டர் முறை நெடுங்காலம் நிலைத்ததற்கு இதுவே வலுவான காரணம்.

விரதம் என்ற உறுதிமொழி

காப்புக் கட்டிய பிறகு ரதி, மன்மதன் வேடக்காரர்கள் விரதம் காக்க வேண்டும். மது, மாமிசம் விலக்கப்படும். தனித்த இடத்தில் படுக்கை. விழா முடியும் வரை அவர்களைச் சாமியாகவே தோட்டம் நடத்தும். பெரியவர்களும் அந்த இளைஞர்களைக் கும்பிடுவார்கள். தாய்மார் குழந்தைகளைக் கொண்டுவந்து திருநீறு வாங்குவார்கள்.

இதன் சமயப் பொருள் ஒருபுறம் இருக்க, ஆட்டத்தின் தரத்துக்கும் விரதம் காவலாக நின்றது. தொடங்கியதை முடிக்காமல் இடையில் விட்டுப் போவது ஆர்வலர் கலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நோய். சம்பளத்துக்கு ஆடுபவனைச் சம்பளம் கட்டிப்போடும். பற்றுக்காக ஆடுபவனைக் கட்டிப்போட வேறொன்று வேண்டும். நட்ட காமனை எரிக்காமல் விடக் கூடாது, எரித்த காமனை எழுப்பாமல் விடக் கூடாது என்ற நம்பிக்கை அந்தக் கட்டாகப் பயன்பட்டது. மழை வந்தாலும், வேடக்காரன் நோயுற்றாலும், தோட்டத்தில் சாவு விழுந்தாலும் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு இருக்கும். பாதியில் நின்ற கூத்து தோட்டத்துக்கே ஆகாது என்று மக்கள் கருதியதால், முடிக்கும் வலு இருக்கிறதா என்று பார்த்த பிறகே காமன் நட்டார்கள். செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்துக் கோயில் கமிட்டி காசு திரட்டும். காசு கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆட்டத்தைக் குறை சொல்லும் உரிமையும் வந்தது.

தப்பின் தீர்ப்பு

தோட்டத்து வாழ்க்கை தப்பின் அடியில் நடந்தது. விடியலில் தொழிலாளரை எழுப்பியது பெரட்டுத் தப்பு. கலியாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்குத் தனி அடி. எங்கோ ஒரு மலையில் தப்புக் கேட்டால், அங்கே நடப்பது என்ன என்று இந்த மலையில் இருப்பவர் சொல்லிவிடுவார். இப்படிச் செவி பழகிய மக்கள் முன் தாளம் தப்பி ஆட முடியாது.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மாசி இரவின் பனியில் தப்பின் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சிகளைக் குவித்து நெருப்பு மூட்டி, தப்பை அதன் மேல் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'தொம்' என்று அமுங்கினால் இன்னும் காய வேண்டும். 'டண்' என்று தெறித்தால் பதம். நீண்ட ஒரு காட்சி முடிவதற்குள் தோல் மறுபடி தளரும். ஆகவே ஒரு தப்பு அடிபடும்போது இன்னொன்று நெருப்பில் காய்ந்துகொண்டிருக்கும். காட்சிகளுக்கு இடையே கோமாளி வருவதற்கும் குறவன் குறத்தி வருவதற்கும் கதைக் காரணம் உண்டு. தப்புக் காய்ச்ச நேரம் தேவை என்ற நடைமுறைக் காரணமும் அதோடு சேர்ந்தது. அடியும் ஆட்டமும் ஒன்றையொன்று சோதித்தன. ஆட்டக்காரன் தவறினால் தப்புக்காரர் அடியை மாற்றாமல் அதிலேயே நிற்பார். தவறு யாருடையது என்று சபைக்குப் புரிந்துவிடும்.

சபையும் லாவணியும்

கடைசித் தீர்ப்பு சபையிடம் இருந்தது. அந்தச் சபையில் முந்திய ஆண்டுகளில் ரதி கட்டியவர், வீரபத்திரன் கட்டியவர், மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரதியின் மன்றாட்டில் ஒரு பாட்டு விடுபட்டால் முன்வரிசையில் இருக்கும் கிழவி எடுத்துக் கொடுப்பாள். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் காமன் நட்டால் கீழ்க்கணக்கார் பார்க்க வருவார்கள்; அடுத்த தோட்டத்தாரும் வருவார்கள். அவர்கள் முன் தலைகுனியக் கூடாது என்ற எண்ணம் ஒத்திகையை இறுக்கியது.

கதையறிவைச் சோதிக்கத் தனி வடிவமும் இருந்தது. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நீடித்த மராத்தியர் ஆட்சியில் தமிழுக்கு வந்த லாவணி, காமன் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் பாட்டாலேயே வாதாடும். எரிந்த கட்சிக்காரர் ஒரு புராணச் செய்தியைக் கேள்வியாக்கினால், எரியாத கட்சிக்காரர் அதே மெட்டில் விடை சொல்லி எதிர்க்கேள்வி போட வேண்டும். மெட்டு தவறினாலும் தோல்வி, கதை தவறினாலும் தோல்வி. மலையகத்துக்கும் வந்த இந்த வழக்கத்தால், கூத்துக் கதையைப் பல கோணத்தில் அறிந்த ஒரு கூட்டம் ஒவ்வொரு வட்டாரத்திலும் வளர்ந்தது. அவர்கள் முன்னால் அரைகுறையாக எதையும் காட்ட முடியவில்லை.

சேர்க்கைகளுக்கும் இடம் இருந்தது. கோமாளியின் பேச்சில் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் நுழைந்தார்கள். தோட்டத்துக் குறைகள் அங்கே சிரிப்போடு வெளிவந்தன. ஆனால் தகனம், ஒப்பாரி, உயிர்ப்பித்தல் ஆகிய மூலக் காட்சிகளில் கை வைக்க மாஸ்டர்கள் இசையவில்லை. மாற்றக்கூடிய இடமும் மாற்றக் கூடாத இடமும் எவை என்று எல்லாரும் அறிந்திருந்ததால் புதுமையும் மரபும் மோதிக்கொள்ளவில்லை.

அளவுகோலின் அநீதி

இந்த ஒழுங்கில் திறமைக்குச் சம்பந்தமில்லாத தடைகளும் இருந்தன. பல தோட்டங்களில் முக்கிய வேடங்கள் சாதி பார்த்துக் கொடுக்கப்பட்டன. கூத்தின் உயிரான தப்பை அடித்தவர்களுக்கு, அடித்ததற்கான மரியாதை கிடைக்கவில்லை. பொட்டலின் ஓரத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். பெண்கள் ஆடவில்லை. தோட்டத்து ஒப்பாரியைக் காலம் காலமாக ஆக்கிப் பாடி வந்தவர்கள் பெண்கள். ஆனால் ரதியின் ஒப்பாரியைப் பெண் வேடம் கட்டிய ஆண் பாடினான். குரல், மூச்சு, கதையறிவு, பொறுப்பு ஆகியவற்றைப் பார்த்தது அளவுகோலின் வலிமை. பிறப்பைப் பார்த்தது அதன் அநீதி. பிற்காலத்தில் தொழிற்சங்கங்களும் பாடசாலைகளும் இளைஞர் மன்றங்களும் இந்தத் தடைகளைத் தளர்த்தின. பாடசாலை மேடைகளில் மாணவியர் ரதி வேடம் கட்டினார்கள். அதனால் கூத்தின் தரம் தாழ்ந்துவிடவில்லை என்பதே, அந்தத் தடைகள் தரத்துக்குத் தேவைப்படவில்லை என்பதற்குச் சான்று.

மாஸ்டர்கள் பிரிந்த காலம்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல் பாதி பாதியாகத் தீர்க்கப்பட்டது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்கும் வரை குடும்பம் குடும்பமாக மக்கள் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பகுதிகளில் பலர் மறுபடியும் தேயிலை மலைகளிலேயே குடியேறினார்கள்.

ஒரு தோட்டத்திலிருந்து மாஸ்டர் போனால் கொப்பியும் போயிற்று. தப்புக்காரர் போனால் அடியும் போயிற்று. ஆடியவர்கள் பிரிந்ததோடு, பிழை கண்டு சொல்லும் பழைய செவிகளும் பிரிந்தன. எஞ்சியவர்கள் நினைவிலிருந்து கூத்தைத் திரட்ட வேண்டியிருந்தது. சில தோட்டங்களில் அது நின்றே போனது. வாய்மொழியாக இருந்தவற்றை எழுத்தில் வைக்கும் முயற்சி இதே காலத்தில் வலுப்பெற்றது. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டினார். சாரல் நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தார். மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளைப் பதிவு செய்தார். இந்தப் பதிவுகள் இல்லாமல், பிந்திய தலைமுறை தன் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சியிராது.

பொட்டலிலிருந்து மேடைக்கு

கூத்தை நவீன மேடையில் காட்டுவதற்கு வேறு வகைத் தரம் வேண்டும் என்ற சிந்தனை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை வகித்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு அண்ணாவிமார் என்ற கூத்து ஆசிரியர்களை அழைத்து மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை மேடையேறின. விடிய விடிய ஆடிய கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் குறைக்கப்பட்டன. ஆட்டத்துக்கும் முகபாவத்துக்கும் கூடுதல் இடம் தரப்பட்டது. கூத்து படித்தவர்களின் மதிப்பைப் பெற்றது. மட்டக்களப்புக் கூத்தில் நடந்த இந்த மாற்றம், இலங்கையின் பிற கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் முன்மாதிரியானது.

பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிகளிலும் கலாசார விழாக்களிலும் காமன் கூத்து மேடையேறத் தொடங்கியபோது, குறித்த நேரத்துக்குள் ஆடி முடிக்க வேண்டிய நிலை வந்தது. நடுவர்கள் உடை, ஒழுங்கமைப்பு, குரல், தாளம் என்று பகுத்துப் புள்ளி இடுகிறார்கள். இதனால் பயிற்சி கூர்மையடைகிறது. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் கூத்தை அறிகிறார்கள். சாதியும் பாலும் தடையாவதில்லை. இழப்பும் இருக்கிறது. குறுகிய நேரத்தில் தகனத்தைக் காட்டிவிடலாம். ரதியின் துயரம் சபையின் துயரமாக மாறுவதற்கு இரவு வேண்டும். மேடையில் பிழை செய்தவனுக்குப் புள்ளி குறையும். பொட்டலில் பிழை செய்தவனுக்கு மாஸ்டர் மறுபடி கற்றுக் கொடுத்தார்.

இரண்டு அளவுகோல்களையும் இன்று கூத்து தொடரும் மலையகத் தோட்டங்கள் சேர்த்தே கையாளுகின்றன. மாசியில் பொட்டலில் முழுக் கூத்து. மற்ற மாதங்களில் மேடையில் சுருக்கக் கூத்து. முழுக் கூத்து ஆடும் தோட்டத்துப் பிள்ளைகள்தான் மேடையிலும் அடி பிசகாமல் ஆடுகிறார்கள். பற்றினால் ஆக்கப்படும் எந்தக் கலைக்கும் காமன் கூத்தின் வரலாறு தரும் விதிகள் பொருந்தும். எதிர்பார்ப்பது என்ன என்பதை முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியச் செய்ய வேண்டும். முடிக்கும் வலுவைப் பார்த்துத் தொடங்க வேண்டும். மூலத்தை அறிந்தவர்கள் முன் சோதித்த பிறகு சபைக்குக் கொண்டுவர வேண்டும். தேறாதவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்க வேண்டும். திறமையைத் தவிர வேறெதையும் வாசலில் நின்று கேட்கக் கூடாது. இவற்றில் முதல் நான்கையும் மலையகத்து முன்னோர் கடைப்பிடித்தார்கள். ஐந்தாவதை அவர்களின் பேரப்பிள்ளைகள் சேர்த்துக்கொண்டார்கள்.